நீச்சல் குளம் கழுவும் தானியங்கி: வாங்கலாமா, வேண்டாமா?

பாடநூல், தேர்வு, இலக்கணம் என்று எழுதிக் கொண்டிருந்தவள் இன்று நீச்சல் குளத்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். வியப்படைய வேண்டாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எங்குக் குடிபோனாலும் அங்குள்ள ஏதேனும் ஒரு குழுவுக்குச் செயலாளராக்கப்படுவது எழுதப்படாத விதி போலும்! கிள்ளானில் நாங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அதுவே நடந்தது. "டீச்சருக்குத்தான் எழுத வரும்" என்று கூறிக் குறிப்பேட்டை என் கையில் கொடுத்துவிட்டனர்.

அந்தக் குழுவின் முன் இப்போது இருக்கும் வினா இதுதான்: குளத்தின் அடித்தளத்தைத் தானே ஊர்ந்து கழுவும் தானியங்கி ஒன்றை வாங்கலாமா? அதைப் பற்றி அறிக்கை எழுதும் பணி என்னிடம் வந்தது. எங்கள் பொருளாளர் ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். 2025 பிப்ரவரி முதல் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதனைக் காரணம் காட்டிக் குளத்தைப் பராமரிக்கும் குத்தகையாளர் தம் மாதக் கட்டணத்தை 1,900 வெள்ளியாக்கினார். வாரத்தில் மூன்று நாள் ஆள் அனுப்புவதற்கான கட்டணம் அது. ஆள் வருவதை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்தால் 900 வெள்ளி போதும் என்றும் அவரே கூறிவிட்டார். தானியங்கியின் விலை 13,800 வெள்ளி. மாதந்தோறும் ஆயிரம் வெள்ளி மிச்சமானால் பதினான்கு மாதங்களில் முதல் திரும்பிவிடும். அதன் பிறகு எல்லாம் ஆதாயம். தாளில் பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால், தாளில் இல்லாத ஒருவர் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் வந்து குளத்தைக் கழுவும் அந்த அண்ணனை இக்குடியிருப்பில் அறியாதவர் இல்லை. வயது அறுபத்தொன்று. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்றவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது பாதிப்பேருக்கு வேலை இல்லாமல் போனது. பால்மரத்துக்கு வேண்டிய அளவு ஆட்கள் செம்பனைக்கு வேண்டியதில்லை அல்லவா! பிறகு அத்தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. அவர் பட்டணத்துக்கு வந்தார். குத்தகையாளர் அவருக்கு நாள் கணக்கில் சம்பளம் தருகிறார். எங்கள் இடத்தில் மூன்று நாள், வேறு இரண்டு இடங்களில் மூன்று நாள். எங்களிடம் இரண்டு நாள் குறைந்தால் அவருடைய வாரம் ஆறு நாளிலிருந்து நான்கு நாளாகும். இதைப் பொருளாளரிடம் சொன்னேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். "அது குத்தகையாளரின் பொறுப்பு, நம் பொறுப்பு வீட்டுக்காரர்களின் பணம்" என்றார். அவர் கூறியதும் பொய்யன்று. பராமரிப்புக் கட்டணம் செலுத்த முடியாமல் ஆறு மாதம் நிலுவை வைத்திருக்கும் குடும்பங்களும் எங்களிடையே உள்ளன. ஆகவே, இரக்கத்தை மட்டும் வைத்து அறிக்கை எழுத இயலாது என்பது தெளிவாயிற்று. இயந்திரம் என்ன செய்யும், மனிதர் என்ன செய்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் குளம் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு முனையில் 0.9 மீட்டர் ஆழம், மறுமுனையில் 1.5 மீட்டர். இதனை என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொள்ளளவுக் கணக்காகக் கொடுத்தேன். சராசரி ஆழம் 1.2 என்று கண்டு, பெருக்கி, 300 கன மீட்டர், அதாவது மூன்று இலட்சம் லிட்டர் என்று பெரும்பாலோர் சரியாகவே விடை எழுதினர். (ஒருவன் மட்டும் மூவாயிரம் லிட்டர் என்றான். அது எங்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்கும் காணாது!) தானியங்கியைப் பற்றிக் கூறியதும் வகுப்பே ஆர்ப்பரித்தது. எல்லாரும் ஒருமித்து "வாங்கலாம்" என்றனர். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும், "குளத்தை அது கழுவினால், அதை யார் கழுவுவார், டீச்சர்?" என்று கேட்டாள். விற்பனையாளரிடம் கேட்க நான் குறித்து வைத்திருந்த பதினொரு வினாக்களில் அது இல்லை. பன்னிரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

குளத்தை ஆளில்லாமல் கழுவும் எண்ணம் புதிதன்று. தென்னாப்பிரிக்காவில் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்னும் பொறியாளர் 1974-இல் 'கிரீப்பி கிராலி' என்ற கருவியை உருவாக்கினார். அதற்குத் தனி மின்விசை கிடையாது. குளத்தின் பம்பு நீரை உறிஞ்சும் விசையையே பயன்படுத்தி, ஒரு குழாயின் முனையில் அது தத்தித் தத்தி நகரும். இப்போதைய தானியங்கிகள் வேறு வகை. இவற்றுள் தனித்தனி மின்னோடிகள் உண்டு. சக்கரப் பட்டைகளை ஓட்ட ஒரு வகை, நீரை உறிஞ்சி மேல்நோக்கித் தள்ள இன்னொரு வகை. அவ்வாறு தள்ளும் விசையே இயந்திரத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பதால், அது பல்லியைப் போல் சுவரிலும் ஏறுகிறது. முன்னே சுழலும் தூரிகை அழுக்கைக் கிளப்ப, உள்ளே இருக்கும் வடிகூடை அதைப் பிடித்துக்கொள்கிறது. திசையறியும் கருவி உள்ளே இருப்பதால் சென்ற வழியிலேயே மீண்டும் மீண்டும் செல்லாமல் வரிசையாகச் செல்கிறது. கரையில் வைக்கும் மின்மாற்றிப் பெட்டி, வீட்டு மின்சாரத்தை முப்பது வோல்ட்டுக்கும் குறைந்த நேர்மின்சாரமாக்கி, மிதக்கும் கம்பி வழியாக அனுப்புகிறது. அந்தப் பெட்டியைக் குளத்தின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாத தொலைவில் வைக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது நீரில் எவரும் இறங்கக் கூடாது. பெற்றோர் இவ்விரண்டையும் மனத்தில் கொள்க.

கம்பியே இல்லாமல் மின்கலத்தில் ஓடுவனவும் இப்போது வந்துவிட்டன. விலையும் குறைவு. வீட்டுக் குளத்துக்கு அவை பொருந்தும். இருநூறு வீட்டார் புழங்கும் குளத்தின் நீளத்துக்கும் அழுக்குக்கும் அவற்றின் மின்னேற்றம் தாங்காது என்பது என் கருத்து.

ஒரு சனிக்கிழமை காலை விற்பனையாளர் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். அதற்கு முந்திய இரவு நல்ல மழை. கரையோரம் நிற்கும் அங்சானா மரம் தன் மஞ்சள் பூக்களை எல்லாம் குளத்தில் கொட்டியிருந்தது. சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான நாள் வாய்த்திருக்காது. இயந்திரம் மூழ்கியது, உறுமியது, நேர்கோடு போட்டதுபோல் நகர்ந்தது. வேலியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். இரண்டரை மணி நேரத்தில் அடித்தளம் பளிச்சென்று ஆனது. வடிகூடையைத் திறந்தபோது உள்ளே மாவுபோன்ற கருஞ்சேறு இருந்தது. கையால் இழுக்கும் உறிஞ்சியில் அத்தகைய நுண்சேறு பாதி கலங்கி மீண்டும் நீரிலேயே படிந்துவிடும். இதில் இயந்திரமே சிறந்தது, ஐயமில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. கையால் உறிஞ்சும்போது அழுக்கு மிகுந்திருந்தால் வடிகட்டி அடைபடாமலிருக்க அந்நீரை நேரே வடிகாலுக்கு விடுகின்றனர். ஒரு முறைக்குப் பத்துக் கன மீட்டர் அளவு போய்விடும். வாரம் இருமுறை என்றால் மாதத்துக்கு எண்பது கன மீட்டர்! தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தாலே வாளிகளைத் தேடும் கிள்ளான்வாசிகளுக்கு எண்பது கன மீட்டரின் அருமை தெரியும். தானியங்கி தன் கூடையிலேயே அழுக்கைப் பிடித்து நீரைக் குளத்துக்கே விட்டுவிடுகிறது.

விற்பனையாளர் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மின்சாரமும் பெருமளவு மிச்சமாகும் என்றார். இயந்திரம் 180 வாட், மூன்று மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும் என்பது உண்மையே. ஆனால், குளத்துப் பம்பை அதனால் நிறுத்திவிட முடியுமா? மருந்து எங்கும் பரவுவதற்கும் மணல் வடிகட்டி வழியே நீர் சுழல்வதற்கும் பம்பு வழக்கம்போல் ஓடியே ஆக வேண்டும். ஆகவே, அந்த மிச்சம் ஏட்டுச் சுரைக்காய். படிக்கட்டுகள், சிறுவர் குளம், நீர்மட்டத்தில் ஓட்டின்மேல் படியும் எண்ணெய்க் கறை, மேலே மிதக்கும் இலை ஆகிய நான்கும் அதற்கு எட்டவில்லை. எங்கள் மாணவியின் வினாவுக்கும் விடை கிடைத்தது: ஒவ்வொரு முறையும் கூடையைக் கழற்றி, நீரைப் பீய்ச்சி, ஒருவர் கழுவத்தான் வேண்டும். கழுவாமல் விட்டால் அடுத்த முறை அது அழுக்கைச் சுமந்துகொண்டு உலாவரும்.

அண்ணன் அன்று முழுவதும் பம்பு அறை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் அருகில் வந்து, "நல்லாத்தான் வேல செய்யுது, டீச்சர். அடியில எனக்கு ஒன்னும் மிச்சம் வைக்கல" என்றார். பிறகு, தம் சட்டைப் பையிலிருந்து ஒரு 555 குறிப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மலேசியர்களுக்கு 555 புத்தகத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. மளிகைக் கடைக் கடன் எல்லாம் எழுதப்பட்ட அதே சிறு புத்தகம். "ரிப்போட்டு எழுதுறீங்கன்னு சொன்னாங்க. இதுல எல்லாம் இருக்கு. ஆபீஸ்ல யாருக்கும் படிக்கத் தெரியாது."

இதுபோல் மூன்று புத்தகங்கள். முழுக்கத் தமிழில்! எழுத்துப்பிழைகள் இருந்தன, அவற்றைத் திருத்தக் கை துடித்தது என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். ஆனால், ஒவ்வொரு வருகைக்கும் தேதி, குளோரின் அளவு, அமிலகார அளவு, மழை, போட்ட மருந்தின் எடை, அன்று கண்ட குறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. சொட்டு மருந்தை விட்டு நிறம் பார்க்கும் சோதனையைத்தான் அவர் செய்கிறார். இளஞ்சிவப்பு கூடினால் குளோரின் உண்டு. மற்றொரு குப்பியில் மஞ்சள் தெரிந்தால் நீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. குளோரின் பத்து இலட்சத்துக்கு ஒன்று முதல் மூன்று பங்கும், அமிலகார அளவு 7.2 முதல் 7.8 வரையும் இருந்தால் நன்று. அதை அவர் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டி எழுதியிருந்தார்.

இரண்டு இரவுகள் அமர்ந்து ஓராண்டுக் குறிப்புகளை எண்ணினேன். 149 வருகைகள். அவற்றுள் குளோரினோ அமிலகார அளவோ எல்லைக்கு வெளியே இருந்த நாள்கள் 61. நீர் பச்சை காட்டத் தொடங்கிய நாள்கள் 7. அவற்றுள் ஐந்து, கனமழைக்கு அடுத்தோ பள்ளி விடுமுறையிலோ வந்தவை. "அடியில் அழுக்கு அதிகம்" என்று மட்டும் எழுதிய நாள்கள் 34. அடித்தளத்து அழுக்கு கண்ணுக்குத் தெரிவதால் எல்லாரும் முறையிடுகின்றனர். நீரின் தன்மையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. குளத்தின் பெரிய நோய் அடியில் இல்லை, நீரில் இருக்கிறது என்று அந்த மூன்று சிறு புத்தகங்கள் கூறின. நீரைச் சோதிப்பதோ மருந்திடுவதோ இந்தத் தானியங்கியின் வேலையில் இல்லை.

நம் வெயிலில், காப்பு மருந்து கலவாத குளோரின் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். மழை பெய்தால் நீர்த்துப்போகும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஒருவர் வந்து நிறம் பார்த்துச் சென்றால், மற்ற ஆறு நாள்களும் பிள்ளைகள் எதில் நீந்துகின்றனர் என்று யார் அறிவார்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிக் குளம் மூடப்பட்டபோது, கவனிப்பாரின்றி மூன்றே வாரத்தில் அது பாசிக் குட்டையானதை எங்கள் பலகணியிலிருந்து பார்த்தவள் நான். கொசுப் புழுக்களும் பெருகிவிட்டன.

பெற்றோருக்கு இடையே ஒரு செய்தி. குளத்தருகே 'குளோரின் வாடை' மூக்கைத் துளைத்தால் மருந்து மிகுந்துவிட்டது என்று எண்ணி அலுவலகத்தில் சண்டையிடுகிறோம். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை. தூய நீருக்கு அவ்வளவு வாடை இராது. பிள்ளைகளைக் கழிவறைக்கு அனுப்பிய பின், குளிப்பாட்டி, நீரில் இறக்குவது எந்த இயந்திரத்தையும்விட மலிவானது.

அக்குறிப்புகளில் ஒரு வரி என்னை நிறுத்தியது. சென்ற ஆண்டு மே மாதத்து வரி: "ஆழத்து ஓட்டை மூடி ஆடுது. ஆணி ரெண்டு இல்ல. கயிறு கட்டி குளத்த மூடிட்டேன்." குளத்தின் ஆழப் பகுதியில் நீரை உறிஞ்சும் துளையின் மூடியைத்தான் குறிப்பிடுகிறார். அந்த மூடி கழன்றால் பம்பின் விசை ஒரு குழந்தையின் முடியையோ உடலையோ பற்றி இழுத்து, மேலே வர விடாமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2002-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறே வெந்நீர்த் தொட்டி ஒன்றில் மூழ்கி இறந்தாள். அவள் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி. அவள் பெயராலேயே 2007-இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது; பொதுக் குளங்கள் அனைத்திலும் பாதுகாப்பான மூடி இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. எங்கள் குளத்தில் மூடி ஆடியது குழுவில் ஒருவருக்கும் நினைவில்லை. இரண்டு திருகாணிகள் வாங்கிய பற்றுச்சீட்டு மட்டும் கோப்பில் இருக்கிறது: ஆறு வெள்ளி ஐம்பது சென்.

"அது எப்படித் தெரிந்தது, அண்ணே?" என்று கேட்டேன். "பைப்ப இழுத்துக்கிட்டுப் போறப்ப மூடியில தட்டிச்சு. சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு" என்றார்.

இதைப் படித்ததும், "ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று எழுதியிருப்பீர்கள்" எனச் சிலர் நினைக்கக்கூடும். இல்லை. ஏனெனில் நான் அவரையே கேட்டேன். ஐந்து மீட்டர்க் கோலும், நீர் நிறைந்த குழாயும், உச்சி வெயிலும் சேர்ந்து அவர் இடுப்பை என்ன செய்திருக்கின்றன என்பதை அவர் சட்டைக்குள் அணியும் பட்டை கூறும். "வாங்குங்க டீச்சர். என் இடுப்புக்கு நல்லது. நாளை மட்டும் குறைச்சிடாதீங்க" என்றார். இயந்திரத்தை எதிர்ப்பதுதான் தொழிலாளிக்குச் செய்யும் நன்மை என்று வெளியே நின்று முடிவுகட்டுவது எளிது. கோலைப் பிடித்து இழுப்பவர் அவ்வாறு நினைக்கவில்லை.

ஆகையால் அறிக்கையை இப்படி எழுதினேன். தானியங்கி வாங்கலாம். ஆனால், ஆள் வரும் நாள்களை மூன்றிலிருந்து குறைக்கக் கூடாது. அடித்தளம் உறிஞ்சச் செலவான நேரத்தை ஓட்டுக் கறை தேய்த்தல், சிறுவர் குளம், வாரந்தோறும் மூடிகளையும் ஏணிகளையும் ஆட்டிப் பார்த்தல் ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும். இயந்திரத்தை நீரில் இறக்குவதும் கழுவுவதும் அவர் பொறுப்பு, காவலர்களின் பொறுப்பன்று. அவர் குறிப்புகளை மாதம் ஒருமுறை நான் மலாயில் எழுதி அலுவலகத்தில் ஒட்டுவேன்.

பொருளாளர் உடனே கேட்டார்: "அப்படியானால் மிச்சம் எங்கே?" நேர்மையான வினா. தண்ணீரில் மாதம் ஓரிரு நூறு வெள்ளி மிச்சமாகலாம். இயந்திரம் ஐந்தாண்டு உழைத்தால், உதிரிப்பாகங்கள் நீங்கலாகவே ஆண்டுக்கு 2,760 வெள்ளி தேய்மானம். பணக் கணக்கில் இதனால் ஆதாயம் இல்லை என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டேன். பொருளாளர் கணக்கில் வந்த ஆயிரம் வெள்ளி இயந்திரம் தந்த மிச்சமன்று. இரண்டு நாள் எவரும் நீரைச் சோதிக்காமல் விடுவதால் வந்த மிச்சம். அதைத்தான் விரும்புகிறோமென்றால் பதின்மூவாயிரம் வெள்ளி செலவழிக்காமலேயே அதைச் செய்யலாமே!

கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது. குழுத் தலைவியான மலாய் அம்மையாருக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் அக்குளத்தில் நீந்துபவர்கள். மூடியைப் பற்றிய வரியை மொழிபெயர்த்துச் சொல்லுமாறு அவர் இருமுறை கேட்டார். வாக்கெடுப்பில் நால்வர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. எதிர்த்தோரில் பொருளாளரும் ஒருவர். தம் மறுப்பைக் குறிப்பில் பதிவு செய்யுமாறு கூறினார். ஒரு சொல்லும் குறையாமல் பதிவு செய்தேன். பணத்தைப் பராமரிப்புக் கணக்கிலிருந்து எடுக்காமல், 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி நாங்கள் தனியே செலுத்திவரும் சேமிப்பு நிதியிலிருந்து எடுப்பது என்றும், இன்னும் இரண்டு விலைப்புள்ளிகள் பெறுவது என்றும் முடிவாயிற்று. குத்தகையாளருடன் போடும் புதிய ஒப்பந்தத்தில் 'வாரம் மூன்று நாள்' என்பது எழுத்தில் இருக்கும். ஓராண்டுக்கு மட்டும். அதன்பின் மீண்டும் பேச வேண்டும்; அடுத்த ஆண்டுக் குழுவில் யார் இருப்பரோ தெரியாது.

மறுநாள் அண்ணனிடம் செய்தியைக் கூறியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: அதை எங்கே வைக்கப் போகிறோம்? பம்பு அறையில் வைக்கலாம் என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம். அங்கே மருந்து வாடையில் கதவின் கீலே மூன்றாண்டில் இற்றுப்போனதைக் காட்டினார். மின்பெட்டி அங்கே ஓராண்டும் தாங்காதாம். காவலர் கூடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றறையில் கிடந்த பழைய நாற்காலிகளை அகற்றித் தருமாறு அலுவலகத்துக்கு நேற்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.